பேரனுக்கு எத்தனை பவுண்டு வில்?

வில்வித்தை: வாசகர் கேள்விகளுக்கு மயூர் விஹாரிலிருந்து ஒரு பயிற்சியாளர் பதில் சொல்கிறார்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் இருக்கிறாள். பேரனுக்கு 12 வயது முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சில வருடங்களாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். வரும் செப்டம்பரில் பையனையும் கூட்டிப் போகிறாராம். "தாத்தா வில் வாங்கித் தரட்டும்" என்கிறான் பேரன். ஜூனில் நாங்கள் அங்கே போகிறோம். டெல்லியிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடலாமா? பையன் 4 அடி 10 அங்குலம், 40 கிலோ. பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வில் விட்டுப் பழகியிருக்கிறான். மாப்பிள்ளையுடையது 60 பவுண்டு விசையில் இழுக்கும் வில். பையனுக்கு 45 வாங்கலாம், வளர்கிற பிள்ளைதானே என்கிறார். வல்வில் ஓரி வழி வந்தவர்களுக்கு 45 ஒரு பெரிய விஷயமா என்று எனக்கும் தோன்றுகிறது.
(ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு தாத்தா)

கடிதத்தின் ஓரத்தில் வேறு கையெழுத்தில், பென்சிலில்: "இதெல்லாம் பாவம் இல்லையா? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்."

பதில்: ஐயா, முதலில் பெட்டி விஷயத்தை முடித்துவிடுவோம். டெல்லியில் வாங்காதீர்கள். விமானத்தில் வில்லையும் அம்பையும் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடலாம். அது ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னவென்றால், வில் சட்டை மாதிரி இல்லை, பல்செட் மாதிரி. வாய் இங்கே இல்லாமல் பல்செட் வாங்குவீர்களா? பணமாகக் கொடுத்துவிட்டு, அங்கே கடைக்குப் பேரனோடு நீங்களும் போங்கள். 'புரோ ஷாப்' என்பார்கள். பல கடைகளில் பின்பக்கமே இருபது கெஜ தூரத்துக்கு அம்பு விட்டுப் பார்க்க இடம் இருக்கும். பையன் கையில் நாலு வில்லைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தாத்தாவுக்கு ஒரு நாற்காலியும் போடுவார்கள்.

அந்த நாற்காலி உங்களுக்கு இல்லை, பையனுக்கு வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"வளர்கிற பிள்ளை" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்த நாள் ஞாபகம் வரும். அப்பா வாங்கித் தந்த யூனிபார்ம் பாவாடை கணுக்கால் வரை வந்தது. அம்மா நாலு விரற்கடை உள்ளே மடித்துத் தைத்தாள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து எட்டாம் வகுப்பு வரை ஓட்டினோம். துணியை மடிக்கலாம். 45 பவுண்டு இழுவை உள்ள வில்லை 40 கிலோ பையனுக்காக எங்கே மடிப்பது?

எனக்கே அது நடந்திருக்கிறது. பதினைந்து வயதில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாம். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நான் போவதற்குள் சின்ன வில்லெல்லாம் தீர்ந்துபோய், ஆண்களுக்கான 38 பவுண்டு வில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "இழு, பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கி, உடம்பை வளைத்து, எப்படியோ இழுத்து இழுத்து மூன்றாவது வாரம் வலது தோள் போய்விட்டது. அப்புறம் மூன்று மாதம் ஜடை பின்னக்கூடக் கை மேலே போகவில்லை, அம்மாதான் பின்னிவிட்டாள். இன்றைக்கும் ஜனவரி குளிரில் அந்தத் தோள் தன் வயதைச் சொல்லும்.

சரி, பேரனுக்கு வருவோம். அளக்க வேண்டியது இரண்டு. ஒன்று இழுப்பு நீளம், அதாவது நாணை எத்தனை அங்குலம் இழுக்கிறான் என்பது. இன்னொன்று இழுவை எடை, அதாவது அப்படி இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது.

நீளத்துக்கு வழி சுலபம். பையனைச் சுவரில் முதுகு ஒட்டி நிறுத்தி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லுங்கள். விறைப்பாக இல்லாமல் சும்மா. ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, 2.5ஆல் வகுங்கள். பெரும்பாலும் விரித்த கையின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பேரன் 58 அங்குலம், ஆகவே அவன் இழுப்பு நீளம் சுமார் 23. மாப்பிள்ளையின் வில் 28 அல்லது 29இல் இருக்கும். அந்த வில்லைப் பையன் கையில் கொடுத்தால் கை நீண்டு, முகம் பின்னால் சாய்ந்து, நாண் முழங்கையின் உள்பக்கத்தைத் தோலோடு உரித்துக்கொண்டு போகும்.

எடைக்குத்தான் அந்த நாற்காலி. பையனை அதில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கள். வில்லை நேராக இலக்கைப் பார்த்து நீட்டி, மெதுவாக இழுக்கட்டும். வில் மேலே வானத்தைப் பார்த்தாலோ, உதட்டைக் கடித்தாலோ எடை அதிகம். கடைக்காரர் குறைத்துக்கொண்டே வரட்டும். இழுத்த பிறகு முப்பது வினாடி பிடித்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அது கடையின் கதகதப்பில் வருகிற எடை. செப்டம்பரில் மலையில் விடிகாலை நீர் உறையும் அளவுக்குக் குளிரும். கனத்த ஜாக்கெட், மரத்துப்போன விரல், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த உடம்பு. அதற்காக இன்னும் 4, 5 பவுண்டு கழியுங்கள். 40 கிலோ பையனுக்கு இப்போது 20 முதல் 25 பவுண்டில் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு.

மாப்பிள்ளை உடனே சொல்வார், கொலராடோவில் மான் வேட்டைக்குக் குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும் என்று. சரிதான், அங்கே சட்டம் அப்படி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மினசோட்டாவில் 30, ஒஹையோவில் 40. ஆனால் சட்டம் சொல்வது நுழைவுச் சீட்டு மாதிரி, அதற்குக் கீழே உள்ளேயே வராதே என்கிறது. 35 இருந்தால் மான் சுத்தமாக விழும் என்று அது உறுதி தரவில்லை.

உங்கள் வல்வில் ஓரியை இங்கே கூப்பிடுகிறேன். ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றதாகக் கதை. நாம் அதை வீரக்கதையாகவே கேட்டுவிட்டோம். எனக்கு அதில் தெரிவது வேறு. அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்துக்கொண்டு உள்ளே போய், முடிந்தால் மறுபக்கம் வெளியே வந்து, ரத்தப் போக்கால்தான் கொல்லும். ஓரியின் பெருமையே ஊடுருவல்தான். வேகம் குறைந்த சின்ன வில்லுக்கு அந்த ஊடுருவலைக் கனமான அம்பிலிருந்துதான் வாங்க முடியும்.

கணக்காகவே சொல்கிறேன். அம்பின் எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பவுண்டு இழுவைக்கு 10 கிரெய்ன் என்று வைத்தால் 35 பவுண்டு வில்லுக்கு 350 கிரெய்ன் அம்பு, கிட்டத்தட்ட 23 கிராம். அது நொடிக்கு 170 அடி வேகத்தில் போனால் ஆற்றல் 22 அடி-பவுண்டு சொச்சம். மானுக்கு 25க்கு மேல் வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பொதுவான கணக்கு. 40 பவுண்டு, 400 கிரெய்ன், 175 அடி வேகம் என்றால் 27 வந்துவிடும். ஆகவே 40 பவுண்டைச் சிரமமில்லாமல் இழுக்கிற வரை மான் வேண்டாம் என்பேன். எல்க் என்கிற பெரிய மானுக்கு 42 அடி-பவுண்டுக்கு மேல் கேட்பார்கள். அதைப் பேரன் மீசை முளைத்த பிறகு யோசிக்கட்டும்.

ஆக 25க்கும் 40க்கும் நடுவே ஒன்றிரண்டு வருஷம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வில்லா? வேண்டாம். நம் அம்மாக்களின் மடிப்புத் தையல் இங்கேயும் உண்டு. காம்பவுண்ட் வில் என்று ஒன்று. மிசௌரி மாநிலத்து ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு மனுப் போட்டது, இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது. அதில் வளரும் பிள்ளைகளுக்கென்றே அளவை மாற்றிக்கொள்ளும் ரகம் வருகிறது. டைமண்ட் கம்பெனியின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ 5 பவுண்டிலிருந்து 70 வரை, நீளம் 13 அங்குலத்திலிருந்து 31 வரை போகும். பேர் (Bear) என்ற கம்பெனியின் குரூசர் ஜி2வும் ஏறக்குறைய அப்படித்தான். ஆலன் கீ என்கிற திருகு சாவி ஒன்று போதும், திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். (வில்லைக் கண்டுபிடித்த ஆலன் வேறு, சாவிக்காரர் வேறு. என் மாணவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.) இன்றைக்கு 22இல் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பவுண்டாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

காம்பவுண்டின் இன்னொரு அனுகூலம், முழுக்க இழுத்த பிறகு எடை சரேலென்று குறைவது. 35 பவுண்டு வில்லில் கடைசியில் கையில் நிற்பது 7 முதல் 9 பவுண்டுதான். சக்கரம் இல்லாத, முனை முன்னால் வளைந்த சாதாரண ரிகர்வ் வில்லில் அந்தச் சலுகை இல்லை. தவிர ரிகர்வில் எழுதியிருக்கும் எடை 28 அங்குலம் இழுத்தால் வருவது. ஒவ்வொரு அங்குலம் குறைவுக்கும் சுமார் 2 பவுண்டு குறையும். 35 என்று எழுதிய ரிகர்வைப் பேரன் 23 அங்குலம் இழுத்தால் 25தான் வரும், சட்டப்படியே அது செல்லாது.

பள்ளியில் அவன் பழகியது பெரும்பாலும் ஜெனிசிஸ் வில்லாக இருக்கும். 2002இல் கென்டக்கியில் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டம் அந்த வில்லை வைத்துத்தான் நடக்கிறது. 10 முதல் 20 பவுண்டு. கற்றுக்கொள்ள அருமையான வில், மானுக்கு ஆகாது.

பழைய வில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. வாங்கும் முன் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் இரண்டு கையிலும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகம்) மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எங்கேயாவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நாண் நூல் சிலும்பியிருந்தால் மட்டும் பயமில்லை, நாண் மாற்றக்கூடியது. அம்பு பூட்டாமல் வெறும் நாணை இழுத்து விடாதே என்று பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அம்புக்குப் போகவேண்டிய விசை முழுக்க வில்லின் மேலேயே திரும்பும். சக்கரம் கழன்று வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற உருப்படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பு உட்கார விஸ்கர் பிஸ்கட் என்று ஒரு வளையம் உண்டு. டீயில் நனைக்க முடியாத பிஸ்கட். அம்பைச் சுற்றிலும் தூரிகை மாதிரி மயிர் பிடித்துக்கொள்வதால் குளிரில் கை நடுங்கினாலும் அம்பு நழுவாது. குறி பார்க்க ஐந்து ஊசி வைத்த சைட் வேண்டாம், ஒரே ஊசி, 20 கெஜத்துக்கு வைத்தது. பதட்டத்தில் எந்த ஊசி என்று குழம்பவே வழி இருக்கக் கூடாது. நாணை விடுவிக்க மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ், சிறுவர் அளவில். முன்கைக்குக் காப்பு. அம்பின் முனைக்கு, மடங்கி விரிகிற ரகம் வேண்டாம், விரிவதற்கே கொஞ்சம் விசை போய்விடும். நிலையான இரட்டை அலகு முனை நல்லது. கொலராடோவில் அது முக்காலே அரைக்கால் அங்குலமாவது அகலம் இருக்க வேண்டும். அந்த முனை சவரக் கத்தி மாதிரி. திருகுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பிடி கூடவே வரும், அது இல்லாமல் பையன் விரல் வைக்கவே கூடாது. பரண் கட்டி மரத்தில் ஏறுவதாக மாப்பிள்ளை சொன்னால் பையனுக்கு உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட் உண்டா என்று கேளுங்கள். தரையில் துணிக் கூடாரம் போட்டு உட்கார்ந்தால் இன்னும் நிம்மதி.

இரண்டு காகித விஷயம். அங்கே பெரிய விலங்கு வேட்டைக்குக் குறைந்த வயது 12, அது ஆகிவிட்டது. ஆனால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய அட்டை வேண்டும். 1949 ஜனவரி 1 முதல் பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம், மாப்பிள்ளைக்கும்தான். 16 வயது வரை பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அப்புறம் மான் உரிமம் குலுக்கலில் கிடைப்பது, ஏப்ரல் தொடக்கத்திலேயே மனுப் போட்டிருக்க வேண்டும். பையன் பெயரில் போட்டார்களா என்று இன்று ராத்திரியே போன் செய்து கேளுங்கள். போடவில்லை என்றால் எனக்கு உள்ளூர சந்தோஷம். இந்த வருஷம் மான் வடிவ நுரைப் பொம்மையில் பழகுவான், அப்பாவோடு வெறும் கையோடு போய் உட்கார்ந்து பார்ப்பான்.

நான் வேட்டையாடுகிறவள் இல்லை. பிறகு இவ்வளவு எப்படித் தெரியும் என்றால், என் தங்கை ஃபோர்ட் காலின்ஸில் இருக்கிறாள். ஒரு செப்டம்பரில் அவள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அவள் மகளுக்கு அப்போது 14 வயது, 40 பவுண்டு வில். "பெரியம்மா, சும்மா வந்து உட்காருங்க" என்று ஒருநாள் விடிவதற்கு முன் கூட்டிப்போனாள். கூடாரத்துக்குள் அவள், அவள் அப்பா, நான். தெர்மாஸில் காபி இருந்தது, திறக்க விடவில்லை, வாசனை போகுமாம். ஏழு மணி சுமாருக்கு ஒரு மான் வந்தது. மியூல் டீர் என்கிறார்கள். கழுதைக்கு இருப்பது மாதிரி பெரிய காது, அந்தக் காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பித் திரும்பிக் கேட்கும். புதர் மறைவில் அது தலையைக் குனிந்தபோது பெண் வில்லை இழுத்துவிட்டாள். வெளியே வந்த மான் 18 கெஜத்தில் நின்றது. நேராக எங்களைப் பார்த்து நின்றது.

பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இதயமும் நுரையீரலும், ஒரு டிபன் தட்டு அகலத்துக்கு இடம். நேருக்கு நேர் நின்றால் எலும்புதான். அவள் விடவில்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பது வரை எண்ணினேன். மான் திரும்பவே இல்லை. பிறகு அவள் நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சை விடுவது மாதிரி, முன்னால் இறக்கினாள். ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. மான் இன்னும் இரண்டு வாய் மேய்ந்துவிட்டுப் போயிற்று.

இழுக்கும்போது தெரியாத கனம் இப்படி இறக்கும்போது தெரியும். காம்பவுண்டில் சக்கரம் திரும்பும் இடத்தில் முழு எடையும் ஒரே நொடியில் திரும்ப வந்து கையை முன்னால் பிடுங்கும். எடை அதிகமான வில்லை வைத்திருக்கும் பையனால் அதை இறக்க முடியாது, அதனாலேயே அம்பை விட்டுவிடுவான். கடையில் கடைசியாக இதைச் செய்யச் சொல்லுங்கள் ஐயா. முழுக்க இழு, இருபது எண்ணு, விடாமல் இறக்கு. உதறல் இல்லாமல் இறக்குகிற எடைதான் உங்கள் பேரனின் எடை.

காட்டுக்குப் போகும் முன் ஒரு தேர்வும் வையுங்கள். காலையில் எழுந்து, உடம்பு சூடாகாமல், 15 கெஜத்திலிருந்து முதல் அம்பு அந்த டிபன் தட்டில் பட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது அம்பு கணக்கில் இல்லை. இப்படித் தொடர்ந்து பத்து நாள்.

ஓரத்தில் எழுதிய அம்மாவுக்கு: பாவ புண்ணியம் சொல்ல நான் ஆள் இல்லை அம்மா. தங்கை வீட்டில் மான் கறிக்கென்று கராஜில் தனி ஃப்ரீசர் இருக்கிறது. மூன்று வாரமும் அந்தப் பக்கமே போகாமல், உள்ளே என் ரசத்தை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்களிடமே கேட்டேன், எதற்குப் பயப்படுவீர்கள் என்று. அரைகுறையாக அம்பு பட்ட மான் தப்பி ஓடுவதற்கு என்றார் தங்கை கணவர். ராத்திரி முழுக்க டார்ச்சோடு தேடியிருக்கிறாராம். மாப்பிள்ளையும் அந்த மாதிரி ஆள்தானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பையன் நல்ல கையில்தான் இருக்கிறான்.

கேள்வி: ஹரியானாவில் நண்பரின் வயலில் நீல்காய் மான் தொல்லை தாங்கவில்லை. துப்பாக்கி என்றால் லைசென்ஸ் வேண்டும். வில்லுக்கு வேண்டாமே, நாங்கள் நாலு பேர் ஒரு காம்பவுண்ட் வில் வாங்கிக்கொண்டு போகலாமா?
(குருகிராமிலிருந்து ஒரு இளைஞர்)

பதில்: கூடாது, தம்பி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வில், துப்பாக்கி, கண்ணி எல்லாம் ஒன்றுதான். கொல்வது மட்டுமில்லை, துரத்துவதும், பொறி வைப்பதும், முயற்சி செய்வதும்கூட அதில் வேட்டைதான். பயிரை அழிக்கும் விலங்குக்கு வனத்துறை எழுத்து மூலம் அனுமதி தரும் வழி ஒன்று இருக்கிறது. அது நண்பர் போய் மனுக் கொடுக்க வேண்டிய இடம், நீங்கள் வில்லோடு போக வேண்டிய இடம் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இதே நீல்காயைக் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கொண்டுபோய் விட்டார்கள், கிங் ராஞ்ச் என்ற பெரிய பண்ணையில். நம் புள்ளிமானும் அந்த மாநிலத்துக்குப் போயிருக்கிறது. இரண்டும் அங்கே பல்கிப் பெருகி, இன்று சட்டப்படியே வேட்டையாடுகிறார்கள். அதே விலங்கு டெல்லியில் அசோலா சரணாலயம் பக்கம் ரோட்டைக் கடந்தால் பிரேக் போட்டு நிற்பதுதான் நம் வேலை. காம்பவுண்ட் வில்மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள், 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் இலக்கு அட்டை இருக்கிறது. அதில் பத்தாவது வளையத்தைத் தொட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். புறா, தெருநாய் என்று எழுதினால் பதில் வராது, போலீஸ்தான் வரும்.

கேள்வி: மகன் வலது கைக்காரன், 11 வயது. வில் பழகச் சேர்த்தோம். இவனுக்கு இடது கை வில் வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். ஏமாற்றுகிறாரா?
(ஜனக்புரியிலிருந்து ஒரு அப்பா)

பதில்: இல்லை, நல்ல பயிற்சியாளராகத் தெரிகிறார். கைக்கு வலது, இடது இருக்கிற மாதிரி கண்ணுக்கும் உண்டு. வீட்டிலேயே பாருங்கள். மகன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை வெளியே பார்க்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நடுவே ஒரு முக்கோண ஓட்டை விழும்படி வைக்கட்டும். அந்த ஓட்டை வழியாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணை மூடினால் தொட்டி ஓட்டையை விட்டு ஓடிவிடுகிறதோ, அதுதான் ஆளும் கண். ஆளும் கண் இடது என்றால், வலது கை வில்லில் அம்பு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். இந்த வயதில் இடது கை வில்லுக்கு மாறுவது ஒரு மாத வேலை. 16 வயதுக்கு மேல் வந்தவர்களுக்கு மாற்றச் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியில் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிச் சமாளிப்பேன். ஆர்.கே.புரம் தாத்தாவும் கடைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது, இடது கை வில் எல்லாக் கடையிலும் கையிருப்பில் இருக்காது.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. அதிதி சுவாமியை டிவியில் பார்த்ததிலிருந்து காம்பவுண்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வாங்கலாமா?
(மயூர் விஹார் ஃபேஸ் 3, ஒரு அம்மா)

பதில்: ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றால் சமநிலை நன்றாக இருக்கிறது, வரட்டும். அவள் ஆசையிலும் பிழை இல்லை. அதிதி 2023இல் பெர்லினில் உலக சாம்பியன் ஆனபோது வயது 17. அதே வருஷம் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் காம்பவுண்டில் ஆளுக்கு மூன்று தங்கம். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணி முதன்முறையாக ஒலிம்பிக்ஸுக்குள் வருகிறது.

இருந்தாலும் முதல் ஆறு மாதம் மர ரிகர்வ் கொடுப்பதுதான் என் வழக்கம். 54 அங்குல வில், 14 முதல் 16 பவுண்டு, வில்லின் கையைக் கழற்றி மாற்றக்கூடிய ரகம். காம்பவுண்டில் சக்கரம் பாதி வேலையைச் செய்துவிடும், முதுகு எப்படி இழுக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். முதல் மூன்று மாதம் சொந்தமாக எதுவும் வாங்காதீர்கள், பயிற்சிக் களத்து வில்லே போதும். உங்களுக்கு யமுனா விளையாட்டு வளாகம் பக்கம்தானே, 2010 காமன்வெல்த் போட்டிக்கு வில்வித்தை நடந்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். அந்தப் போட்டியில் தங்கம் வாங்கிய தீபிகா குமாரிக்கு அப்போது 16 வயது, சின்ன வயதில் மாங்காயைக் கல்லால் அடித்துப் பழகிய கை. இதை மகளிடம் சொல்லலாம், ஆனால் உங்கள் சொசைட்டி மாமரத்துக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: மொட்டை மாடியில் பழகலாமா? 12 மீட்டர் இருக்கிறது, பின்னால் மெத்தை கட்டிக்கொள்கிறேன்.
(முனிர்கா)

பதில்: வேண்டாம். தவறிய அம்பு மெத்தையைத் தாண்டி மூன்று தெரு போகும், முனிர்காவில் மூன்று தெருவுக்கு எத்தனை கொடிக்கயிறு, எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ரப்பர் பேண்ட் வைத்துக் கண்ணாடி முன் இழுத்துப் பழகுங்கள், முழங்கை காதுக்கு நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அம்பு விடுவதைக் களத்துக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.